ஏரியில் விழுந்த ஏழு குழிகள்

மார்ச் 3, 2025 – திங்கள்

கடையைத் திறந்து துடைப்பத்தைக் கையில் எடுப்பதற்குள் தலைவர் வந்து நின்றார். தலைவர் என்றால் எங்கள் ஊர் ஏரிப்பாசன சங்கத் தலைவர் ராஜாராம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் என் கம்ப்யூட்டர் கடைக்கு சிட்டா பிரிண்ட் எடுக்க மட்டும்தான் வருவார். இன்றைக்குக் கையில் ஒரு நீள நோட்டு.

"ஏரி நோட்டும்மா. ஜனவரி ஒண்ணுலேந்து பிப்ரவரி கடைசி வரிக்கும் தெனம் காலைல எவ்ளோ தண்ணின்னு வேதாசலம் எழுதி வெச்சிகீறான். இத்த புள்ளி புள்ளியா படம் போட்டுக் குடு. ஏரி தூர் வாரச் சொல்லி இன்ஜினீயர் ஆபீஸ்ல காட்டணும். ஞாயித்துக்கெழம கூட்டம்."

வேதாசலம் அண்ணன்தான் மதகைத் திறந்து மூடுகிறவர். இருபத்திரண்டு வருஷமாக ஷட்டர் சாவி அவரிடம்தான். மதகுத் தூணில் கோடு கோடாக அளவு போட்டிருக்கும். அதைப் பார்த்து எழுதுவார்.

"எக்செல்லில் அஞ்சு நிமிஷ வேலைங்க" என்று சொல்லிவிட்டேன். என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்க வேண்டும்.

மளிகைச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் பின்பக்கம் ஜன்னல் அளவு. என் வீட்டுக்காரர் தமிழ்வாணன் தச்சு வேலை செய்கிறவர். வீட்டில் எந்தத் தாளைத் திருப்பினாலும் ஏதோ ஒரு கதவு இருக்கும்.

மார்ச் 4 – செவ்வாய்

ஐம்பத்தொன்பது நாள், ஐம்பத்தொன்பது வரி. ஒரு பக்கம் தேதி, ஒரு பக்கம் தண்ணீர். 14.2, 14.1, 14.0 என்று அழகாக எழுதியிருக்கிறார் மனுஷன். எண்களுக்குப் பக்கத்தில் 'தி', 'மூ' என்று பொடியாக ஏதோ. அதை விட்டுவிட்டேன்.

புள்ளிப் படம் வந்தது. ஆனால் கீழே தேதி வரவேண்டிய இடத்தில் 10, 20, 30 என்று நிற்கிறது. அழித்துப் போட்டேன். அதே. மூன்றாவது முறையும் அதே. தங்கச்சி ஷாரோனுக்குப் போன் போட்டேன். ஏனாத்தூரில் காலேஜ் ஆபீஸில் வேலை. நாள் முழுக்க எக்செல்லோடுதான் குடித்தனம்.

"அக்கா, தேதியெல்லாம் கட்டத்துல எடது பக்கம் ஒட்டிக்கினு கீதா, வலது பக்கமா?"

"எடது."

"அப்ப அது தேதி இல்ல, வெறும் எழுத்து. புள்ளி வெச்சி 5.1.25ன்னு அடிச்சியா? அதுக்குப் புரியல. புரியலன்னா ஒண்ணு ரெண்டு மூணுன்னு தானா எண்ணிக்கும்."

எனக்கு அது புரியவில்லை, அதற்கு நான் புரியவில்லை. நல்ல ஜோடி.

மார்ச் 5 – சாம்பல் புதன்

இந்தத் தபசு காலம் நாற்பது நாளும் யார்மேலும் கோபப்படுவதில்லை என்று காலையில் கோயிலில் முடிவு செய்தேன். ஷாரோனிடம் சொன்னால் சிரிக்கிறாள். "கறிய வுட்டுடு அக்கா, அது ஈசி" என்றாள்.

பத்து மணிக்கு: புள்ளியை எல்லாம் எடுத்துவிட்டு சாய்கோடு போடு என்று எக்செல்லுக்கு உத்தரவு கொடுத்தேன். தேதிக்கு மட்டும் என்று சொல்ல மறந்துவிட்டேன். தண்ணீர்க் கணக்கில் இருந்த புள்ளியும் போச்சு. 9.8 இருந்த இடத்தில் செப்டம்பர் எட்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. 12.11 டிசம்பர் பதினொன்று ஆகிவிட்டது. ஏரி நிறைய தேதி.

பதினொன்றுக்கு: பழையபடி ஆக்கி, தேதிக்கு மட்டும் சாய்கோடு. ஜனவரி ஐந்து மே ஒன்று ஆனது. மே மாதம் இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் வேதாசலம் அண்ணன் போய் அளந்துவிட்டு வந்திருக்கிறார்! பன்னிரண்டாம் தேதிக்கு மேல் எல்லாம் எழுத்தாகவே முறைத்துக்கொண்டு நின்றன, பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால்.

கோபம்: முதல் நாளே தோல்வி. மவுஸ்மேல் கோபப்பட்டால் கணக்கில் வருமா?

மார்ச் 6 – வியாழன்

ஷாரோன் சொன்னபடி முதலில் இருந்த தேதியை மறுபடி கொண்டுவந்து, இது நாள்-மாதம்-வருஷம் என்று வரிசையைச் சொல்லிக் கொடுத்தேன். ஐம்பத்தொன்பதும் வலது பக்கம் போய் ஒட்டிக்கொண்டன. ஸ்தோத்திரம்.

மார்ச் 7 – வெள்ளி

தலைவர் படம் பார்க்க வந்தார். கண்ணாடியை ஏற்றி, இறக்கி, "இன்னாம்மா இது, எறும்பு வரிசை மாரி கீது. ஒண்ணும் தெரியலியே" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உயர அச்சு பூஜ்யத்தில் தொடங்கி பதினாறு வரை போகிறது. புள்ளிகள் எல்லாம் மேலே நெருக்கியடித்துக்கொண்டு ஒரு நெளிசலான கோடாகத்தான் தெரிந்தன. நான் விடுவேனா? அச்சை ஏழில் தொடங்கி பதினைந்தில் முடியும்படி மாற்றினேன். படத்தையும் உயரமாக இழுத்தேன்.

இழுத்ததும் குழிகள் தெரிந்தன.

தண்ணீர் சீராக இறங்கிக்கொண்டே வருகிறது; திடீரென்று ஒரே நாளில் பெரிய குழி. ஒன்றிரண்டு நாள் குழியிலேயே கிடக்கிறது. பிறகு மேலே ஏறிப் பழையபடி இறங்குகிறது. எட்டு ஒன்பது நாளைக்கு ஒரு குழி. எண்ணிப் பார்த்தேன் — ஏழு.

தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "மழ இல்ல. தண்ணி எப்டி திரும்ப ஏறும்? ராவோட ராவா தொறந்து வுட்டுகீறான். மொத நாளு உண்மைய எழுதிட்டு, அப்பறம் பயந்துக்கினு மாத்தி எழுதிகீறான். மதகாண்ட அவன் மச்சான் நெலம் கீது இல்ல? மொற வெச்சி பாய்ச்சிகீறாங்க."

"நோட்டுல இருக்கறதத்தாங்க போட்டேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க" என்று வேறு சொன்னேன்.

மார்ச் 9 – ஞாயிறு

கோயில் முடிந்து நேராகச் சங்கக் கட்டடம். நாற்பது பேர் இருப்பார்கள். மேசைமேல் என் லேப்டாப். பக்கத்திலேயே ஏரி நோட்டு. அதன்மேல் டீ கிளாஸ்களை வைத்துவிட்டார்கள். கடைசி வரைக்கும் யாரும் அதைத் திறக்கவில்லை.

தலைவர் ஒவ்வொரு குழியாக விரல் வைத்துக் காட்டினார். முதல் குழிக்கு முணுமுணுப்பு. மூன்றாவது குழிக்குச் சத்தம். ஐந்தாவதுக்கு, போன வருஷம் வரை வேதாசலம் அண்ணனோடு ஒரே வண்டியில் போய்க்கொண்டிருந்த ஆளே எழுந்து, "நம்ப வெச்சி கழுத்தறுத்துட்டான்" என்கிறார்.

அண்ணன் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். முன்னால் வந்து படத்தைக் குனிந்து பார்த்தார்.

"ஏரி எறங்கும். மழ இல்லாம தானா எப்டி ஏறும்?" என்றார்.

"அதாம்பா நாங்களும் கேக்கறோம்" என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள்.

இடுப்பு வேட்டியில் செருகியிருந்த ஷட்டர் சாவியை எடுத்து லேப்டாப் பக்கத்தில் வைத்தார். முழ நீள இரும்பு, டங்கென்று சத்தம். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சாவியைக் கன்னியப்பனிடம் கொடுத்திருக்கிறார்கள். தலைவரின் பெரியப்பா மகன்.

மார்ச் 10 – திங்கள்

இருக்கிறதைத்தானே போட்டேன். பின்னே ஏன் சோறு இறங்கவில்லை?

மார்ச் 12 – புதன்

கன்னியப்பனுக்கு ஷட்டரைத் திறக்கத் தெரிந்திருக்கிறது, மூடத் தெரியவில்லை. இரண்டு நாளாக வாய்க்காலில் தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடுகிறது. "அது ஒரு பக்கமா ஏத்தி திருவணும், எனுக்கு இன்னா தெரியும்" என்று கடைக்கு வந்து என்னிடமே புலம்புகிறார். எனக்கு மட்டும் தெரியுமா?

சாயங்காலம் பஸ்ஸில் ராணியம்மாள் அக்கா, வேதாசலம் அண்ணன் சம்சாரம். என் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. ஊர் வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

மார்ச் 13 – வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

வாணனுக்குத் திருப்புலிவனம் பக்கத்தில் ஒரு வீட்டு வாசல் நிலை ஆர்டர். விலைப்பட்டியல் அடித்துக் கொடு என்று சீட்டு கொடுத்தார். நிலை 6.10, அகலம் 3.2. எக்செல்லில் அடித்து, பிரிண்ட் எடுத்து, சாப்பிடும்போது நீட்டினேன்.

பார்த்தார். சோற்றில் கை நின்றது. "ஏய் ஜெனி, இன்னா இது 6.1? முக்கா அடி கொறச்சிட்டியே! வூட்டுக்காரன் தெனம் மண்டைய இடிச்சிக்கினு என்னத் திட்டுவான்."

"6.10ன்னுதான் அடிச்சேன். கடைசிப் பூஜ்யத்துக்கு மதிப்பு கிடையாதுன்னு எக்செல் எடுத்துடும். 6.1, 6.10 ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்டி ஒண்ணாவும்? 6.1ன்னா ஆறடி ஒரு இஞ்சு. 6.10ன்னா ஆறடி பத்து இஞ்சு. அடி போட்டுப் புள்ளி, அப்பறம் இஞ்சு. எங்கப்பா காலத்துலேந்து அப்டித்தான்."

நான் எழுந்து போய் லேப்டாப்பையும், கூட்டம் முடிந்து அதோடு சேர்ந்து வந்துவிட்ட ஏரி நோட்டையும் திறந்தேன். வாணன் ரசத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

வேதாசலம் அண்ணன் எழுதியது: 13.0. அடுத்து 12.11. அடுத்து 12.10. அடுத்து 12.9. பதின்மூன்று அடி, பன்னிரண்டடி பதினொன்று, பன்னிரண்டடி பத்து, பன்னிரண்டடி ஒன்பது. இந்த நாலு வரியில் நாளைக்கு ஒரு இஞ்சு. அதுபாட்டுக்கு இறங்கியிருக்கிறது தண்ணீர்! எக்செல்லுக்கு 12.11 என்றால் பன்னிரண்டைத் தாண்டி ஒரு துளி. 12.10ஐ 12.1 ஆக்கிவிட்டது. அதனால் பதின்மூன்றிலிருந்து தொபுகடீரென்று விழுந்து, 12.9க்கு மறுபடி ஏறுகிறது. ஒவ்வொரு அடி இறங்கும்போதும் ஒரு குழி. ஏழு அடி இறங்கியிருக்கிறது. ஏழு குழி.

நோட்டு முழுக்கத் தேடினேன். புள்ளிக்குப் பின்னால் பதினொன்றுக்கு மேல் ஒரு எண் கிடையாது. ஐம்பத்தொன்பது வரியை என் கையால் அடித்தேனே, ஒருத்திக்குக் கண் தெரிய வேண்டாமா? தினம் வீடு முழுக்க இந்த மாதிரிச் சீட்டைப் பொறுக்கிக்கொண்டுதானே இருக்கிறேன்?

அந்த மனுஷன் ஒரு இஞ்சு தவறாக எழுதவில்லை. நான்தான்… கர்த்தரே, நான் இன்னா பண்ணிட்டேன்!

மார்ச் 14 – வெள்ளி

கடையைத் திறக்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணன் வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். ராணியம்மாள் அக்கா என்னைப் பார்த்ததும், "இன்னும் எதாச்சும் பாக்கி கீதா எங்களாண்ட?" என்றார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். அக்கா உள்ளே போய் மோர் கொண்டுவந்து கையில் கொடுத்தார், முகத்தைப் பார்க்காமல்.

அண்ணன் காம்பைத் தட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் சொன்னார்: "நீ தப்பா போட்ட. செரி. உனுக்குத் தெரியல. அங்க ஒக்காந்துகினு இருந்தவங்க எல்லாம் அடி இஞ்சு தெரிஞ்சவங்கதான? நோட்டத் தொறந்து ஒரு ஆளு பாக்கல. இருவத்திரெண்டு வருசம். நாலு புள்ளிய பாத்து ஒடனே நம்பிட்டாங்க பாரு."

மோரைக் குடித்துவிட்டு டம்ளரை அக்காவிடம் நீட்டினேன்.

கிளம்பும்போது கூப்பிட்டார். "நோட்டுல பக்கத்துல 'தி', 'மூ'ன்னு போட்டிருந்தனே, அத்த போட்டியா?"

"இல்லண்ணா. அது என்ன?"

"தொறந்த நாளு, மூடின நாளு. மூடினாலும் எறங்குது. ஷட்டர் ஒழுகுதுன்னு மூணு வருசமா கத்திக்கினு கீறேன், எவன் கேட்டான்?"

மார்ச் 15 – சனி

நோட்டைப் பார்த்து மறுபடி முதலிலிருந்து. பழையதைத் திருத்த வழியில்லை, 12.10, 12.1 இரண்டும் எக்செல்லில் ஒன்றாகிக் கிடக்கின்றன. இந்த முறை அடிக்கு ஒரு கட்டம், இஞ்சுக்கு ஒரு கட்டம், இஞ்சைப் பன்னிரண்டால் வகுத்து அடியோடு கூட்ட மூன்றாவது கட்டம். படம் வந்தது. ஏழு குழியும் காணோம்.

திறந்த நாளுக்கு நீலம், மூடிய நாளுக்குச் சிவப்பு போடலாம் என்று இரண்டாகப் பிரித்தேன். பாதிப் புள்ளிகள் தரையில் பூஜ்யத்தில் போய் விழுந்தன! திரும்ப ஒரு பழியா என்று உடனே போனை எடுத்தேன். ஷாரோன்தான்: "வெத்துக் கட்டம்னு நீ நெனைக்கற. உள்ள பார்முலா கீது இல்ல, அதான் அத்தப் பூஜ்யம்னு எடுத்துக்குது. வெத்துக் குறிக்குப் பதிலா என்.ஏ.ன்னு போடு, புள்ளியே வெக்காது." போட்டேன். தரை சுத்தமானது.

இப்போது படத்தைப் பார்த்தால் யாருக்கும் புரியும். நீலம் வந்தால் இரண்டு இஞ்சு இறங்குகிறது. சிவப்பு வந்தாலும் சும்மா இல்லை, ஒரு இஞ்சு. மூடிய முப்பத்துநான்கு நாளிலும்.

மார்ச் 16 – ஞாயிறு

அதே கட்டடம், அதே மேசை. டீ கிளாஸ் வைக்க வந்தவரிடமிருந்து நோட்டைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"போன வாரம் காட்டின படம் தப்பு. தப்பு என்னுது. அண்ணன்மேல ஒரு தப்பும் இல்ல" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், தைரியம் போவதற்குள். பிறகு நோட்டைத் திறந்து வாய்விட்டு வாசித்தேன். பதின்மூணு அடி. பன்னெண்டடி பதினோரு இஞ்சு. பன்னெண்டடி பத்து இஞ்சு. மூன்றாவது வரியிலேயே பின்னாலிருந்து ஒருவர், "அட, ஆமாம்பா" என்றார். போன வாரம் கழுத்தறுத்துட்டான் என்றவர் வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "செரி செரி, மனுசன்னா தப்பு பண்றது சகஜம்தான்."

"எந்த மனுசன்?" என்று கேட்டுவிட்டேன். குரல் ரொம்ப மேலே போய்விட்டது. கோபம்: பன்னிரண்டாம் நாள், படுதோல்வி. பரவாயில்லை.

சிவப்புப் புள்ளிகளைக் காட்டியதும், "அது வெயில்ல ஆவியாவறது" என்று சொல்லிப் பார்த்தார் தலைவர். அண்ணன் சுவரோரமிருந்து, "தை மாசப் பனியில தெனம் ஒரு இஞ்சு ஆவியாவுதா?" என்றார். இந்தத் தடவை சிரித்தது வேறு பக்கம்.

கன்னியப்பன் சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார், விட்டது சனியன் என்று. தலைவர் அதை அண்ணன் பக்கம் தள்ளினார். அண்ணன் தொடவில்லை.

"மொத மொதல்ல எனுக்கு எப்டிக் குடுத்தீங்க? மதகாண்ட ஊரே நின்னு, தேங்கா ஒடச்சி, கையில குடுத்தீங்க. புடுங்கறது ரூம்ல புடுங்கிக்கினீங்க. குடுக்கறது அங்க வந்து குடுங்க."

மார்ச் 17 – திங்கள்

காலையில் மதகில் கொடுத்தார்கள். தேங்காயைத் தலைவரே உடைத்தார். முதல் அடியில் உடையவில்லை. நாற்பது பேரும் வந்திருந்தார்கள், சிலர் மனைவியோடு. சாவியை வாங்கிக்கொண்டு அண்ணன் செய்த முதல் வேலை, கன்னியப்பன் ஒரு வாரமாக மூட முடியாமல் விட்டிருந்த ஷட்டரை ஒரு பக்கமாக ஏற்றித் திருகி இறக்கியது.

பஸ்ஸில் ராணியம்மாள் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மார்ச் 21 – வெள்ளி

தலைவரும் அண்ணனும் இன்ஜினீயர் ஆபீஸுக்குப் படத்தோடும் நோட்டோடும் போய் வந்தார்கள். தூர் வாருவதைப் பற்றிப் பிறகு பார்க்கலாமாம். சிவப்புப் புள்ளிகளை மட்டும் இன்ஜினீயர் இரண்டு முறை கேட்டாராம். "இத்த யாரு எழுதனது?" என்றாராம். தலைவர் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் "நான்தான்" என்றிருக்கிறார். கடைக்கு வந்து அண்ணன் இதை மட்டும் மூன்று முறை சொன்னார்.

மார்ச் 24 – திங்கள்

வாணனின் விலைப்பட்டியலிலும் அடிக்கு ஒரு கட்டம், இஞ்சுக்கு ஒரு கட்டம். "இத்தினி நாளு நல்லாத்தான இருந்திச்சு" என்று முனகுகிறார்.

மார்ச் 28 – வெள்ளி

இன்ஜினீயர் ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஷட்டர் அடியில் ரப்பர் நைந்து நூலாகியிருந்ததாம். புதுசு போட்டார்கள், வளைந்த கம்பியையும் நிமிர்த்தினார்கள். சாயங்காலம் வாய்க்கால் காய்ந்துவிட்டது என்று போனில் சொன்னார் அண்ணன். அறுப்பு நேரம், இப்போது யாருக்கும் தண்ணீர் வேண்டாம்.

ஏப்ரல் 3 – வியாழன்

அண்ணன் புது நோட்டு போட்டிருக்கிறார். ஸ்கேல் வைத்து அவரே கட்டம் கிழித்தது: தேதி, அடி, இஞ்சு, தி/மூ. "உன் பொட்டிக்கும் புரியட்டும்" என்று மேசைமேல் வைத்தார். நான் அடிக்கும்வரை போகாமல் பின்னாலேயே நின்றார். ஒவ்வொரு வரியையும் நான் வாசிக்க வேண்டும், அவர் "உம்" சொல்ல வேண்டும்.

மார்ச் 31 — மூன்றடி எட்டு, மூ. உம்.

ஏப்ரல் 1 — மூன்றடி எட்டு, மூ. உம்.

ஏப்ரல் 2 — மூன்றடி எட்டு, மூ. உம்.

இன்று — மூன்றடி எட்டு, மூ.

படத்தில் நான்கு சிவப்புப் புள்ளி, ஒரே மட்டத்தில், பக்கத்தில் பக்கத்தில். அண்ணன் கண்ணாடி இல்லாமல் திரைக்குக் கிட்டே குனிந்து விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். திரையில் விரல் படக்கூடாது என்று கடையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.